பிரேக் என்று மட்டும் சொல்லாதீர்கள்

போன மாதம் அண்ணன் மகனின் காரை சர்வீஸுக்கு விட நம் ஷோரூமுக்கு வந்திருந்தேன். நான் பல வருடம் உட்கார்ந்து தேய்த்த அதே மேஜையில் இப்போது நீங்கள் மூன்று பேர் இருக்கிறீர்கள். புது ஹெட்போன், புது நாற்காலி. பார்க்கச் சந்தோஷமாக இருந்தது. அடுத்த நிமிடமே அந்தச் சந்தோஷம் போய்விட்டது. உங்களில் ஒரு பெண் போனில் பேசிக்கொண்டிருந்தாள்: "சார், உங்க வாகனத்துக்கு ஒரு இலவசத் தர மேம்பாட்டுப் பரிசோதனை இருக்கு சார்." அந்தப் பக்கம் வைத்துவிட்டார்கள். அவள் முகம் மாறாமல் அடுத்த எண்ணை அழுத்தி, அதே வாக்கியத்தை அதே ராகத்தில் தொடங்கினாள்.

எனக்கு வந்த எரிச்சலைச் சொல்லி முடியாது. ரிடையர் ஆனவள் வாயை மூடிக்கொண்டு டீயைக் குடித்துவிட்டுக் கிளம்ப வேண்டும் என்று கிளம்பி வந்துவிட்டேன். வீட்டுக்கு வந்த பிறகும் ஆறவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன். அந்தப் பெண் என்ன வண்டிக்கு, எந்தக் கோளாறுக்குக் கூப்பிட்டாள் என்று எனக்குத் தெரியாது. அந்த வாக்கியத்தை மட்டும் நன்றாகத் தெரியும். நானும் அதைச் சொல்லியிருக்கிறேன்.

நான் வேலையை விடுவதற்குக் கொஞ்ச காலம் முன்பு நடந்தது. ஒரு குறிப்பிட்ட மாடலில், குறிப்பிட்ட காலத்தில் தயாரான கார்களைத் திரும்ப அழைக்கச் சொல்லி கம்பெனியிடமிருந்து மெயில் வந்தது. பிரேக் பெடலை மிதித்தால் எண்ணெயைத் தள்ளி நான்கு சக்கரங்களையும் பிடிக்க வைக்கும் உருளை ஒன்று இருக்கிறது அல்லவா, அதற்குள் இருந்த ரப்பர் சரியில்லை. பட்டென்று மிதித்தால் வண்டி நிற்கும். காலை எடுக்காமல் மிதித்தபடியே இருந்தால் பெடல் கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே இறங்கிவிடும். ஊருக்குள் விட்டுவிட்டு மிதித்து ஓட்டுகிறவருக்கு ஒரு குறையும் தெரியாது. நீளமான மலை இறக்கத்தில், சூடேறிய பிறகு, கால் தரையைத் தொடும்போதுதான் தெரியும். அப்போது தெரிந்து என்ன பிரயோஜனம்?

மெயிலோடு நாங்கள் போனில் படிக்க வேண்டிய வாசகமும் வந்தது. அதில் 'பிரேக்' இல்லை. 'கோளாறு' இல்லை. 'ஆபத்து' கிடையவே கிடையாது. 'இலவசத் தர மேம்பாட்டுப் பரிசோதனை', அவ்வளவுதான். ரீஜனல் ஆபீஸிலிருந்து ஓர் அதிகாரி போனில் எங்களுக்கு வகுப்பு எடுத்தார்.

"கஸ்டமர் பேனிக் ஆகக் கூடாது மேடம். பேனிக் ஆனா எல்லாரும் ஒரே நேரத்துல ஷோரூமுக்கு வந்துடுவாங்க."

"வர்றதுக்குத்தானே சார் கூப்பிடறோம்?" என்று கேட்டேன்.

"நீங்க ஸ்கிரிப்ட்டை மட்டும் படிங்க மேடம்" என்றார்.

படித்தேன். என்ன கிடைத்தது என்று கேளுங்கள். அடி அண்ணாமலையில் பூ மொத்தமாக வாங்கி விற்கிற ஒருவர், "இலவசம்னு கூப்பிட்டுத்தான் போன வாட்டி வைப்பரை மாத்தி பில்லு போட்டீங்க. ஆளை விடும்மா" என்றார். கலெக்டர் ஆபீஸில் வேலை செய்கிற ஓர் அதிகாரி, "மீட்டிங்ல இருக்கேன், மெயில் பண்ணுங்க" என்றார். எப்போது கூப்பிட்டாலும் அவர் மீட்டிங்கில்தான் இருந்தார். ஒரு அம்மா மட்டும் பொறுமையாகக் கேட்டார். கேட்டு முடித்துவிட்டு, "கோபுர வாசல்ல பூஜை போட்டு, நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வெச்சு ஏத்தி எடுத்த வண்டிம்மா. அதுக்கு இன்னாத்துக்கு மேம்பாடு?" என்றார். இன்னொருவர் வண்டியை எப்போதோ விற்றுவிட்டார். யாரிடம் என்றால், "செங்கத்துக்காரன் ஒருத்தன். மீசை வெச்சிருப்பான்" என்றார். மீசை வைத்த செங்கத்துக்காரரை நான் எங்கே போய்த் தேடுவது?

இதில் இன்னொரு கூத்தும் இருந்தது. மாற்ற வேண்டிய பாகமே நம்மிடம் வரவில்லை. மேனேஜர் தினமும் மெயில் போடுவார், 'வந்துகொண்டிருக்கிறது' என்று பதில் வரும். வராத பாகத்துக்காக, வர மாட்டேன் என்கிறவர்களை, எதற்கு என்று சொல்லாமல் கூப்பிட்டுக்கொண்டிருந்தோம். இதை நான் ஆபீஸில் சொன்னபோது சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அந்தப் பட்டியலில்தான் ஏழுமலை இருந்தார். ரமணாசிரமம் பகுதியில் டாக்சி ஓட்டுகிறவர். நாற்பது வயதைத் தாண்டியிருப்பார். வாடகை அறைகளில் மாதக்கணக்கில் தங்குகிற வெளியூர்க்காரர்களும் வெளிநாட்டுக்காரர்களும் அவருடைய வாடிக்கை. அவர்களை விமான நிலையத்துக்கு, பாண்டிச்சேரிக்கு, மலைகளுக்கு என்று அழைத்துப் போவார். காரைக் கண்ணாடி மாதிரி வைத்திருப்பார். நான் எப்போது போன் செய்தாலும் மரியாதையாகவே பேசுவார்.

"மேடம், நீங்க சொல்ற டெஸ்ட்டிங் எல்லாம் பண்ணிக்கலாம். சீசன் முடியட்டும். இப்ப ஒரு நாள் வண்டிய நிறுத்தினா எனக்குக் கட்டுப்படி ஆவாது."

"சீக்கிரம் வந்தா நல்லதுங்க."

"இன்னா அவசரம்? சும்மா செக்கப்தானே?"

அந்த இடத்தில் என்ன பதில் சொல்லலாம் என்று வாசகத்தில் இருந்தது. 'உங்கள் வசதிப்படி வரலாம்.' அதையே சொன்னேன். அவரும் அவர் வசதிப்படி வரவில்லை.

பிறகு ஒரு நாள் காலை அவராகவே வந்தார், வண்டியைத் தண்ணீர் விட்டுக் கழுவ. மறுநாளைக்கு ஜவ்வாது மலைக்கு ட்ரிப். ஆசிரமத்துப் பக்கம் தங்கியிருந்த வயதான தம்பதியும் அவர்களுடைய இரண்டு பேத்திகளும். வண்டி பளிச்சென்று இருக்க வேண்டும். ரிசப்ஷனில் வண்டி நம்பரைத் தட்டியதும், திரும்ப அழைக்க வேண்டிய வண்டி என்று கம்ப்யூட்டரில் சிவப்பாக வந்தது. நான் ஓடிப் போய் பாஷாவிடம் சொன்னேன். பாஷா எங்கள் சீனியர் மெக்கானிக். எதையும் இரண்டு வார்த்தைக்கு மேல் பேசாத ஆள். வண்டிக்குள் உட்கார்ந்து, எஞ்சினை ஓடவிட்டு, பெடலில் காலை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் அப்படியே இருந்தார். பிறகு என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினார்.

"எறங்குது மேடம்."

"ஜாஸ்தியா?"

"தரைக்கே போவுது."

மேனேஜரிடம் போனேன். அவர் கெட்டவர் இல்லை. இதை நீங்கள் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். மேலிருந்து வருகிற அழுத்தம் எல்லாம் அவர் தலையில்தான் இறங்கும்.

"பாகம் இல்லையே மேடம். என்ன பண்றது? பார்த்து ஓட்டச் சொல்லி அனுப்புங்க."

"நாளைக்கு மலைக்குப் போறாருங்க. கொண்டை ஊசி வளைவு."

"அவர் வண்டி. நிறுத்தி வெக்க நமக்கு உரிமை இல்லை. நிலைமை தெரிஞ்சு எடுத்துட்டுப் போறேன்னு ஒரு கையெழுத்து வாங்கிக்குங்க."

"வண்டி உருண்டா அந்தக் கையெழுத்து எழுந்து வந்து பிரேக் புடிக்குமா சார்?"

அவர் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்துவிட்டு நெற்றியைத் தேய்த்தார். "நீங்களே பேசிப் பாருங்க" என்றார் கடைசியில். "என்ன சொல்லணுமோ சொல்லுங்க. நான் இங்க இல்லைன்னு வெச்சுக்குங்க."

சாவி என் கையில் இருந்தது. வெளியே ஏழுமலை துண்டால் பக்கக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். அந்தச் சாவியைக் கொடுக்காமல் இருந்தால் அவர் போலீஸுக்குப் போகலாம், நியாயம் அவர் பக்கம்தான். கொடுத்தால் அவர் மலைக்குப் போவார். வாசகத்தில் இதற்கு ஒரு வரி கிடையாது. வண்டிகள் நிற்கும் சர்வீஸ் ஷெட்டைக் கடக்கிற நேரத்தில்தான் எனக்கு ஒன்று புரிந்தது. இத்தனை நாள் அவரை நாங்கள் ஏமாற்றவில்லை. ஆனால் அவர் முடிவு எடுக்கத் தேவையான ஒரே விஷயத்தை மட்டும் அவரிடமிருந்து எடுத்து வைத்துக்கொண்டோம்.

"ஏழுமலை, உங்க வண்டியில பிரேக் சரியில்லை" என்றேன்.

அவர் சிரித்தார். "காலையில கூட போளூர் ரோட்டுல ஒரு மாடு குறுக்க வந்துச்சு மேடம். அடிச்சேன் பாருங்க, ஆணி அடிச்ச மாதிரி நின்னுச்சு."

"அப்படி அடிச்சா நிக்கும். காலை வெச்சுக்கினே இருந்தா நிக்காது. நீங்களே பாருங்க."

வண்டியைக் கழுவும் மேடைக்குப் போகிற சரிவில் ஏற்றி நிறுத்தினோம். பின்சக்கரங்களுக்குச் சற்றுத் தள்ளி பாஷா கட்டை வைத்தார். ஏழுமலையை ஓட்டுநர் இருக்கையில் உட்காரவைத்து, கியரை நியூட்ரலில் போட்டுக் கைப்பிரேக்கை விடச் சொல்லி, பெடலை மிதித்தபடி அப்படியே இருக்கச் சொன்னேன். முதலில் என்னைக் கேலியாகப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வண்டி அசையவில்லை. பிறகு அவர் பார்வை என்னிடமிருந்து கீழே, அவர் காலுக்குப் போனது. முழங்கால் மெதுவாக நீண்டது. கார் ஒரு சத்தமும் இல்லாமல் பின்னால் நகர்ந்து கட்டையில் இடித்து நின்றது.

அவர் காலை எடுக்கவே இல்லை. கட்டை தடுத்து நிறுத்திய வண்டியில், தரையோடு ஒட்டிய பெடலை இன்னும் அழுத்திக்கொண்டிருந்தார்.

நன்றி சொல்வார் என்று நினைக்கிறீர்களா? இறங்கி வந்து கத்தினார்.

"எத்தனை வாட்டி போன் பண்ணீங்க! ஒரு வாட்டியாவது பிரேக்குனு சொன்னீங்களா? மேம்பாடு, மேம்பாடுன்னீங்க! என் பொண்டாட்டி புள்ளைங்கள ஏத்திக்கினு நான் மேல்மலையனூர் போய்ட்டு வந்தேன் மேடம் இந்த வண்டியில!"

கஸ்டமர்கள் காத்திருக்கும் அறையிலிருந்து எல்லோரும் வெளியே வந்து பார்த்தார்கள். அவர் சொன்னதில் ஒரு வார்த்தைகூடத் தப்பில்லை.

கத்தி முடித்து, தண்ணீர் குடித்து, கொஞ்சம் ஆறிய பிறகு, "பாகம் மாத்திக் குடுங்க" என்றார். இன்னும் வரவில்லை என்று சொன்னேன். தலையில் கையை வைத்துக்கொண்டு வண்டியைச் சுற்றி நடந்தார். அதற்குப் பிறகு அவர் சொன்னதுதான் என்னை இன்றைக்கு வரைக்கும் நொந்துபோக வைக்கிறது.

"சரி மேடம். நாளைக்கு ஒரு ட்ரிப்பு மட்டும் முடிச்சுடறேன். எறக்கத்துல கியர்லயே இறக்கிக்கிறேன். பிரேக்க கம்மியா யூஸ் பண்றேன். வந்ததும் வண்டிய இங்க வுட்டுடறேன்."

கண்ணால் பார்த்தவர்! காலால் உணர்ந்தவர்! மனிதர்கள் இப்படித்தான். நாளைக்கு என்று ஒரு வேலை ஒப்புக்கொண்டிருந்தால், இன்றைக்குப் பார்த்தது அவர்கள் கண்ணிலிருந்து மறைந்துவிடும். அவரைத் திட்டுவதில் அர்த்தமில்லை. வாடிக்கை போய்விடும் என்ற பயம் அவருக்கு. அந்தத் தம்பதி வருடா வருடம் வந்து, மாதக்கணக்கில் அவர் வண்டியையே எடுப்பவர்கள்.

உள்ளே என் மேஜைக்கு அழைத்து வந்து, வண்டியிலிருந்து எடுத்த சாவியை அவரிடம் நீட்டினேன்.

"இந்தாங்க. உங்க வண்டி, நான் தடுக்க முடியாது. ஆனா நாளைக்கு வர்றவங்க நம்பரைக் குடுத்துட்டுப் போங்க. உங்ககிட்ட சொன்ன இதே வார்த்தையை அவங்ககிட்டயும் சொல்லிடறேன். தெரிஞ்சு ஏறட்டும்."

"இன்னா மேடம், மிரட்றீங்களா?"

"இல்லீங்க. உங்களுக்கு நாங்க சொல்லாம விட்டோம்னுதானே இப்ப கத்துனீங்க. அதையே நீங்க அவங்களுக்குப் பண்ணப் போறீங்க."

அவர் சாவியை வாங்கினார். கொஞ்ச நேரம் உள்ளங்கையில் வைத்து உருட்டினார். என்னை அடித்துவிடுவாரோ என்று கூட ஒரு கணம் நினைத்தேன். பிறகு சாவியை என் மேஜையில் வீசி எறிந்தார். அது வழுக்கிப் போய்க் கீழே விழுந்தது. வாசலில் நின்று போனை எடுத்து, ஸ்டாண்டில் இருக்கும் இன்னொரு டிரைவரைக் கூப்பிட்டு, "மணி, நாளைக்கு ஜவ்வாது மலை ட்ரிப்பு, நீ போய்க்கிறியா?" என்று கேட்டார். அதைச் சொல்லும்போது அவர் குரல் இறங்கிப் போனதை நான் கேட்டேன். பிறகு ஆட்டோ பிடித்துப் போய்விட்டார்.

போகிற வழியில் அவர் செய்த ஒரு காரியம், நாங்கள் அத்தனை நாள் போனில் செய்யாததைச் செய்தது. டிரைவர்கள் வாட்ஸ்அப் குழுவில் குரல் பதிவு ஒன்றைப் போட்டுவிட்டார். கெட்ட வார்த்தைகளை எடுத்துவிட்டால் மிஞ்சுவது இதுதான்: "டேய், இந்த மாடல் வெச்சிருக்கவன் எல்லாம் கேளு. பிரேக்குல கால வெச்சா பெடல் உள்ள போவுதுடா. நானே பார்த்தேன். போய்க் காட்டுங்கடா."

மறுநாள் காலை நான் வேங்கிக்கால் பஸ் ஸ்டாப்பில் இறங்கும்போதே ஷோரூம் வாசலில் கார்கள் நின்றன. டாக்சிகள் மட்டும் இல்லை. பூ வியாபாரி வந்திருந்தார். எலுமிச்சம்பழ அம்மா மருமகனோடு வந்திருந்தார். மீட்டிங்கில் இருந்த அதிகாரி மீட்டிங்கை விட்டுவிட்டு வந்து, "மெயில்ல இதைப் போடலையே!" என்று மேனேஜர் மேஜையைத் தட்டினார். மீசை வைத்த செங்கத்துக்காரரும் வந்திருந்தார். மீசையை எடுத்துவிட்டிருந்தார், அது வேறு விஷயம். பாஷாவும் பையன்களும் ஒவ்வொரு வண்டியாக உட்கார்ந்து மிதித்துப் பார்த்தார்கள். பல வண்டிகள் நன்றாக இருந்தன. சிலவற்றில் பெடல் இறங்கியது. அவற்றைத் திரும்ப எடுத்துப் போக மாட்டோம் என்றார்கள் வண்டிக்காரர்கள். பின்பக்கக் காலி மனையில் எல்லாம் வண்டியை நிறுத்தினோம்.

ரீஜனல் ஆபீஸிலிருந்து போன் வந்தது. அதே அதிகாரி.

"யார் மேடம் பிரேக்குனு சொன்னது?"

"நான்தாங்க."

"பேனிக் ஆகும்னு சொன்னேனா இல்லையா?"

"பேனிக் ஆவலைங்க. கோவப்படறாங்க. வரிசையில நிக்கறாங்க. பாகம் எப்ப வரும்னு கேக்கறாங்க. நீங்களே பேசறீங்களா? குடுக்கட்டுமா?"

வைத்துவிட்டார். அங்கீகரித்த வாசகத்தை விட்டு ஏன் விலகினீர்கள் என்று எனக்கு மெமோ வந்தது. அந்த வாசகத்தைப் படித்தபோது யாரும் வரவில்லை என்று ஒரு வரி எழுதிக் கொடுத்தேன். மேனேஜர் அதன் கீழே தன் கையெழுத்தையும் போட்டார். அவர் இங்கே இருந்ததாகவே வைத்துக்கொண்டார். இன்னொன்றும் நடந்தது. அத்தனை நாள் 'வந்துகொண்டிருந்த' பாகம், அந்த வாரமே வந்துவிட்டது. ஒரு மெயிலும் நகர்த்தாத பெட்டியை, முற்றம் நிறைய நின்ற வண்டிகள் நகர்த்தின. இதை நினைத்து அன்றைக்கு நான் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். எனக்குத் தலைதான் வலித்தது. முதல் நாளே இதைச் செய்திருக்க முடியாதா?

ஆகவே, அந்த மேஜையில் இருக்கிற உங்கள் மூவருக்கும் சொல்கிறேன். எந்தப் பாகம் என்று சொல்லுங்கள். அது என்ன செய்யும், எப்போது செய்யும் என்று சொல்லுங்கள். மாற்றப் பாகம் இல்லை என்றால் அதையும் சொல்லுங்கள்; அதுவரை வண்டியை எடுக்க வேண்டாம் என்று சொல்லுங்கள். திட்டுவார்கள். திட்டுகிறவர் கேட்டுவிட்டார் என்று அர்த்தம். 'சரிங்க, பார்க்கலாம்' என்று இனிமையாகச் சொல்லிவிட்டு வைக்கிறாரே, அவருக்குத்தான் நீங்கள் திரும்பக் கூப்பிட வேண்டும். வாசகம் எழுதியவர் உங்கள் நாற்காலியில் உட்கார மாட்டார், அவருடைய காலுக்கு அடியில் எந்தப் பெடலும் இறங்கப் போவதில்லை. உங்களுக்கு மெமோ வரலாம். வரட்டும். அதற்குப் பதில் எழுத ஒரு வரி போதும்.

ஏழுமலையைப் பற்றிச் சொல்லாமல் முடிக்கக் கூடாது. வண்டியை எடுக்க வந்தபோது பாஷா பழைய உருளையைப் பிரித்து, உள்ளே ரப்பரின் ஓரம் உப்பிக் கிழிந்திருந்ததைக் காட்டினார். ஏழுமலை அதை வாங்கிப் பார்த்தார். விரலால் ஒரு முறை தடவினார். திருப்பிக் கொடுத்துவிட்டு, "சாவி குடுங்க" என்றார். அவ்வளவுதான். அந்தத் தம்பதிக்கு மணியின் வண்டி பிடித்துவிட்டது. அடுத்த வருடமும் மணியையே கூப்பிட்டார்கள். ஏழுமலை பெரிய வாடிக்கையை இழந்தார். அதற்கு நான்தான் காரணம் என்று நினைக்கிறார். ஒரு விதத்தில் அது உண்மையும்தான். அதன் பிறகு அவர் நம் ஷோரூமுக்கு வரவே இல்லை. வெளியே யாரிடமோ சர்வீஸ் விடுகிறார்.

இரண்டு வாரம் முன்பு செங்கம் ரோட்டில், ஆசிரமத்தைத் தாண்டி, சாலையைக் கடக்க நின்றேன். பஸ்ஸும் வேனுமாக இடைவெளியே இல்லாமல் போய்க்கொண்டிருந்தது. ஒரே ஒரு கார் நின்றது. உள்ளே ஏழுமலை. பின் சீட்டில் ஒரு குடும்பம், குழந்தை ஒன்று கண்ணாடியில் மூக்கை அழுத்தி வெளியே பார்த்துக்கொண்டிருந்தது. என்னை அடையாளம் தெரிந்ததும் அவர் முகத்தை வெடுக்கென்று அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டார். நான் புடவையைப் பிடித்துக்கொண்டு, முழங்கால் வலியோடு, அவர் வண்டிக்கு முன்னால் மெதுவாகக் கடந்தேன். நான் அந்தக் கரைக்குப் போய்ச் சேரும் வரை அவர் திரும்பிப் பார்க்கவில்லை. வண்டி ஒரு விரல் அளவுகூட நகரவில்லை.